உடையும் முன் இருந்த வடிவம்

ஜூலை 9, ஞாயிறு

வேதியியல் செய்முறை நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். அம்மா என் பையைச் சோதித்தாலும் இந்த நோட்டைத் திறக்கமாட்டாள். அப்பா எதையும் எடுத்து வாசிக்கிறவர் இல்லை. இருவரும் தூங்கிய பிறகு, மேஜை விளக்கின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று அப்பாவின் லேசர் லேபில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். உள்ளே போகும்போது வளையலைக் கழற்ற மறந்துவிட்டேன். ஒளி வளையலில் பட்டுத் திரும்பி என் வலது கண்ணுக்குள் போய்விட்டது. வலிக்கவில்லை. கண்ணுக்குள் யாரோ மெல்லச் சொடக்குப் போட்டது மாதிரி இருந்தது. அப்போதிலிருந்து ஒரு புள்ளி தெரிகிறது. சரியாகிவிடும்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை. வெளியாட்கள் லேபுக்குள் வரக்கூடாது என்று இரண்டு வருடம் முன்பே கதவில் ஒட்டிவிட்டார்கள். சிறுவயதிலிருந்து வந்து போகிறேன் என்பதால் என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்பா பதினான்கு வருடமாக இந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த டெக்னீசியன். வேலையை நிரந்தரமாக்க செப்டம்பரில் நேர்முகத் தேர்வு வைக்கிறார்கள். என் கண் விஷயம் வெளியே வந்தால் அந்த வேலை போகும். இந்த குவார்ட்டர்ஸும் போகும்.

வளையல் என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 10, திங்கள்

இடது கண்ணால் பார்த்தால் கரும்பலகை சரியாகத் தெரிகிறது. வலது கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு எழுத்தைக் காணோம்.

ஜூலை 11, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. லேபுக்கு முதன்முதலில் போன நாளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போது எனக்கு ஐந்து வயது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி, பளபளக்கிற எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என் கொலுசைக்கூட அப்பா கழற்றிப் போட்டார். உள்ளே பம்புகள் ஓடுகிற சத்தம், பெரிய பூனை ஒன்று தூங்குவது மாதிரி. அப்பா திரவ நைட்ரஜனைத் தரையில் கொஞ்சம் ஊற்றுவார். முத்து முத்தாக ஓடிச் சுவர் ஓரம் போய்க் காணாமல் போகும். "இன்னொருக்க ஊத்துங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் எனக்கு லேப்தான். மற்றப் பிள்ளைகள் பூங்காவுக்குப் போனார்கள்.

லேபின் தலைவர் மாதங்கி மேடம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூலக்கூறு ரொம்ப ரொம்பச் சின்னது கோமு. போட்டோ எடுக்க முடியாது. அதனால லேசரால ஒரே ஒரு தட்டு தட்டுவோம். அதுல ஒட்டிக்கிட்டு இருக்கிற எலெக்ட்ரான்லாம் பிய்ஞ்சு போயிடும். மிச்சம் இருக்கிறது எல்லாமே பாசிட்டிவ். பாசிட்டிவும் பாசிட்டிவும் ஒண்ணா இருக்குமா?"

"இருக்காது."

"வெடிச்சுச் சிதறும். எந்தத் துண்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா வந்து விழுதுன்னு பாப்போம். அதை வச்சு, உடையறதுக்கு முன்னாடி அது எப்படி நின்னுச்சுன்னு கணக்குப் போட்டுடலாம்."

"ஓடிடாதா மேடம், அடிக்கும்போது?"

"ஓட நேரமே கிடையாதே. இருபத்தஞ்சு ஃபெம்டோ நொடிதான் அடி. நின்ன நிலையிலேயே மாட்டிக்கும்."

ஒரு நொடிக்குள் எத்தனை ஃபெம்டோ நொடிகள் இருக்கின்றனவோ, அத்தனை நொடிகள் கழிய மூன்று கோடி வருடத்துக்கும் மேல் ஆகும் என்று மேடம் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பெருமையாகச் சிரித்தார். அந்த அடியைச் சரியான இடத்தில் விழவைப்பவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

பார்க்க வேண்டும் என்றால் உடைத்துத்தான் ஆகவேண்டுமா என்று கேட்டேன். "வேற வழி இருந்தா சொல்லு, உனக்கு டாக்டர் பட்டம் தர்றேன்" என்றார்.

ஜூலை 13, வியாழன்

புள்ளி சிறியதாகவில்லை. முதலில் பச்சையாக மின்னியது. இப்போது சாம்பல் நிறம். பார்க்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. நான் எங்கே பார்த்தாலும் கூடவே வருகிறது.

அம்மா ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். மூன்று முறை தவறியது.

"என்னட்டி, பதினாறு வயசுலயே உனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? எந்நேரமும் அந்த போனையே நோண்டுனா வேற என்ன ஆவும்?"

"ஆமாம்மா" என்று சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். கண்ணீர் வந்தால் புள்ளி கரையும் என்று நினைத்தேன். கரையவில்லை.

ஜூலை 15, சனி

லேபுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். "சரிம்மா, படுத்துக்கோ" என்று அப்பா கிளம்பிவிட்டார். படியிறங்கும்போது கைப்பிடியைத் தடவிப் பிடித்தார். எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம். "சத்தமா வாசி கோமு, நாக்குத் திருந்தும்" என்று அப்பா மடியில் உட்காரவைத்துக்கொள்வார். தலைப்புச் செய்தி, மழை நிலவரம், கடைசியில் சிறுவர் பக்கம். 'பாராளுமன்றம்' என்று சொல்லத் தெரியாமல் 'பாளாருமன்றம்' என்பேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

இன்று நான் இடது கண்ணை மட்டும் வைத்து வாசித்தேன். வரி தவறியது. அப்பா கவனிக்கவில்லை. அல்லது கவனித்தாரோ.

ஜூலை 16, ஞாயிறு

அம்மா தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். ஜுலைகா அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மேடத்திடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி. நாகூர்க்காரி. லேபுக்குள் போகும்போது தலைத்துணியில் குத்தும் ஊசிகளைக்கூட டப்பாவில் போட்டுவிட்டு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். அவ்வளவு கவனம்.

"அம்மா, இந்தச் சொதிக்காகவே நான் பி.எச்.டி.யை இன்னும் அஞ்சு வருஷம் இழுக்கலாம்."

"இழு தாயி, இழு. உங்க மேடம் உன்ன இழுத்துட்டுப் போயி அந்தப் பம்புல கெட்டிப் போடுவா."

அக்கா இப்போது மெத்தனாலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். தட்டில் கிடந்த பட்டாணிகளை வைத்துக் காட்டினாள். லேசர் அடித்ததும் இரண்டு ஹைட்ரஜன் ஜோடியாகக் கழன்றுவிடும். "கழண்டா போயிடணும்ல? போகாதும்மா. அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். நூறு ஃபெம்டோ நொடி, சில சமயம் அதுக்கும் மேல. அப்புறம் இன்னொரு ஹைட்ரஜனையும் கூட்டிக்கிட்டு மூணுமா கிளம்பிடும்."

"நம்ம ஊருப் பொம்பளையளாட்டம்லா இருக்கு" என்றாள் அம்மா. "வாசல்ல செருப்ப மாட்டிட்டு அர மணி நேரம் பேசுவாளுவ. போவும்போது இன்னொருத்தியையும் கூட்டிட்டுப் போவாளுவ."

அக்காவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பா தண்ணீர் ஊற்றினார். டம்ளருக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. "ஒரு தண்ணிகூட ஒழுங்கா ஊத்தத் தெரியல, இவருதான் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தப் பிடிக்காராம்" என்று அம்மா துடைத்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. கேமரா வச்சு நாங்க அரை நாள் தேடுற லேசர் புள்ளியை அண்ணன் பத்து நிமிஷத்துல பிடிச்சிடுவார். இப்ப நானும் கத்துக்கிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டா, லேசர் விழற அட்டையில புள்ளியே தெரிய மாட்டேங்குது. அதை நெத்திக்கு ஏத்திட்டு, தலையை இப்படி இடது பக்கம் சாய்ச்சு, ஓரக்கண்ணால பாக்கணும். அண்ணனோட ஸ்டைல்!"

அக்கா தலையைச் சாய்த்துக் காட்டினாள். அப்பா மாதிரியே இருந்தது. எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நீ கண்ணாடியப் போட்டுக்கோம்மா. எனக்குப் பழக்கம்" என்றார்.

"போட்டா தெரியலையேண்ணே."

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஜூலை 18, செவ்வாய்

எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, வியாழன்

வளையல் பொய்.

நான் வளையலை டப்பாவில்தான் போட்டேன். எட்டாம் தேதி நடந்தது இதுதான். அப்பா மேஜையில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றின் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒளியை மிகவும் குறைத்து வைத்திருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. நானும் என்னுடையதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. அவர் செய்தார், நானும் செய்தேன். இன்னும் கொஞ்சம் குனிந்தால் அவர் பார்ப்பது எனக்கும் தெரியும் என்று குனிந்தேன். அவர் கையிலிருந்த, திருகு முடுக்கும் ஆலன் கீ ஒளியின் குறுக்கே வந்தது. அது வந்த அந்தக் கணம்தான் அந்தச் சொடக்கு.

"கண்ணாடியப் போடுட்டி!" என்று உடனே கத்தினார். போட்டுக்கொண்டேன். "பட்டுச்சா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அவர் கை நடுங்கியது. நான் இல்லை என்று சொன்னதால்தான் அந்த நடுக்கம் நின்றது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

யாராவது இந்த நோட்டைப் படித்தால் வளையல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதல் நாள் அப்படி எழுதினேன். இந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும். நாளைக்குக் கிழிக்கிறேன்.

ஜூலை 22, சனி

கிழிக்கவில்லை. இன்று கண்டுபிடித்ததை இதோடு சேர்த்து எழுதியாக வேண்டும்.

ஒரு பொருளை நேராகப் பார்த்தால் புள்ளி அதில் ஒரு பக்கத்தை மறைக்கிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அதற்குப் பக்கத்தில் பார்ப்பது மாதிரி பார்த்தால், புள்ளிக்கு அடியிலிருந்து அது வெளியே வருகிறது. இரண்டு வாரத்தில் இது எனக்குப் பழகிவிட்டது. இன்று காலை பல் தேய்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். தலை தானாகச் சாய்ந்தது.

கண்ணாடியில் அப்பாவின் முகம்.

அம்மா கடைக்குப் போனதும் போட்டோ ஆல்பத்தை எடுத்தேன். கல்யாணப் படத்தில் அப்பா நேராக நிற்கிறார். என் முதல் பிறந்தநாளில் நேராக நிற்கிறார். குற்றாலத்தில் என்னைத் தோளில் வைத்திருக்கும் படம், எனக்கு நான்கு வயது, நேராகத்தான் இருக்கிறார். ஒன்றாம் வகுப்பு ஆண்டு விழாப் படத்தில் தலை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அப்படியே. "போட்டோன்னாலே இவருக்குக் கழுத்து சுளுக்கிக்கிடும்" என்று அம்மா கேலி செய்வாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. எனக்கு ஆறு வயதில் வண்டியை விற்றுவிட்டு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். கூட்டத்தில் "நீதான் என்னைக் கூட்டிட்டுப் போவணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு என்னை முன்னால் நடக்கவிட்டார். நான் ராணி மாதிரி நடந்தேன். குட்டித் திருகுகளை அளவு வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. செய்தித்தாள்.

அப்புறம் அந்த எழுத்து விளையாட்டு. வளாக மருத்துவமனைச் சுவரில் கண் பரிசோதனை அட்டை மாட்டியிருக்கும். எனக்கு எட்டு வயதில் காய்ச்சலுக்குப் போயிருந்தபோது, "அதுல உள்ள எழுத்தையெல்லாம் ஒண்ணு விடாம எழுதிட்டு வா பாப்போம்" என்றார். ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். மேல் வரியில் பெரிய ஈ. அடுத்து எஃப், பி. அப்புறம் டி, ஓ, இசட். அதற்கு ஒரு ராகம் போட்டிருந்தோம். வருடா வருடம் ஜனவரியில் அப்பா, "கோமு, நம்ம பாட்டப் பாடுவோமா?" என்பார். இருவரும் தலையாட்டிக்கொண்டு பாடுவோம். தப்பாகப் பாடினால் நான் தலையில் குட்டுவேன். என் சிறுவயதில் எனக்கு அதிகம் பிடித்த விளையாட்டு அதுதான்.

லேசர் லேபில் வேலை செய்பவர்களுக்கு வருடா வருடம் ஜனவரியில்தான் கண் பரிசோதனை.

ஜூலை 23, ஞாயிறு

எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. அந்தப் பாட்டின் மேல்தான் கோபம் வருகிறது.

ஜூலை 25, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டேன். ஜுலைகா அக்கா தலையைச் சாய்த்துக் காட்டியது என்னைத் தூங்கவிடவில்லை. அக்காவின் கண் நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு, கெட்டுப்போன கண்ணின் சாய்வைப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி வரை நடந்தோம்.

"எப்பா, உங்களுக்கு எத்தன புள்ளி இருக்கு?"

நின்றுவிட்டார். "எந்தப் புள்ளி?" என்று கேட்கவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு."

அப்பா அப்படியே தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும்.

"அன்னைக்கா? பட்டுச்சான்னு கேட்டேன்லாட்டி!"

"நீங்க நடுங்குனீங்க."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. "அப்போ பேப்பர் வாசிக்கச் சொன்னது, பாட்டு, கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தது, எல்லாம் கண்ணு தெரியாமத்தானா?"

"தலைப்புச் செய்தி வாசிக்கச் சொன்னது அதுக்குத்தான்மா" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிறுவர் பக்கத்தையும் வாசிக்கச் சொன்னேனே. அதுல எனக்கு என்ன சோலி?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், சனிக்கிழமை மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். வாசல் வரை வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரு கேட்டா, சூரியனப் பாத்தேன்னு சொல்லு. மொட்டமாடியில நின்னு பாத்தேன்னு சொல்லு. செப்டம்பரு வரைக்கும்தான் கோமு. அதுக்கப்பறம் நானே எல்லாத்தையும் சொல்லிருதேன்."

"ஜுலைகா அக்கா?"

"அவகிட்ட கண்ணாடியப் போடச் சொல்லுதேன்."

"ஏற்கெனவே சொன்னீங்க. போடல."

அப்பா செருப்பைக் கழற்றினார். ஒன்று சுவரில் பட்டு விழுந்தது.

ஜூலை 27, வியாழன்

மொட்டைமாடி. மத்தியானம். இரண்டு நிமிடம் இருக்கும். வேறொன்றும் இல்லை டாக்டர். இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 29, சனி

ஜுலைகா அக்கா மொஹரத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். நாங்கள் மதுரைக்குப் போனோம். அம்மாவிடம் புதுக் கண்ணாடி வாங்க என்று சொல்லியிருந்தோம். பேருந்தில் அப்பா என் வலது பக்கம் உட்கார்ந்தார். நான் அவருக்குக் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். விழித்திரையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். குட்டிக் குட்டிக் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். கட்டங்கள் எங்கே மறைகின்றனவோ அங்கே பென்சிலால் வட்டம் போட வேண்டும். நடுப் புள்ளிக்குப் பக்கத்தில், அவரை விதை அளவுக்கு ஒன்று போட்டேன்.

"எப்படி ஆச்சு?"

"சூரியனப் பாத்தேன் டாக்டர். மொட்டமாடியில."

"சூரியனைப் பாத்தா பொதுவா ரெண்டு கண்ணுலயும், நட்ட நடுவுல பாதிப்பு இருக்கும். உனக்கு ஒரு கண்ணுல மட்டும், ஓரமா இருக்கு. ஊசியால குத்தின மாதிரி. உள்ள ரத்தம் கசிஞ்சு காஞ்சிருக்கு. லேசர் ஏதாவது வச்சு விளையாடினியா?"

"இல்ல டாக்டர். சூரியன்தான்."

"எதனாலன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண முடியும். உன்னைத் திட்ட மாட்டேன். சொல்லு."

"சூரியன்தான்" என்றேன். அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து டாக்டரின் மேஜைக்கு வந்தார். "எனக்கும் ரெண்டு அட்ட தாங்க டாக்டர்" என்றார்.

வலது கண்ணுக்கு இரண்டு வட்டம் போட்டார். இடது கண்ணுக்கு ஒன்று, கட்டைவிரல் அகலம். பென்சில் தட்டுத் தடுமாறவில்லை. எங்கே இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம்.

"இது பத்து வருசம் முந்தி. இது நாலு வருசம் ஆவுது. இது எப்பம்னு எனக்கே தெரியல. நான் லேசர் லேபுல வேல பாக்கேன் டாக்டர். இவளுக்குப் பட்டது இந்த மாசம் எட்டாந்தேதி. என் கையில இருந்த ஆலன் கீயிலருந்து. பிள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க. நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

டாக்டர் அட்டைகளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கண்ணோட அங்க வேலை பாக்குறீங்களா?" என்றார்.

"இனி பாக்கல."

என் கண்ணில் ஆறு மாதத்தில் புள்ளி கொஞ்சம் சுருங்கலாம், முழுவதும் போகாது என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் முன்பே வந்திருந்தால் என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். கிளம்பும்போது அப்பா, "இன்னொரு அட்ட வெறுமையா தாங்க டாக்டர். ஒரு பிள்ளைக்கு வேணும்" என்று கேட்டு வாங்கினார்.

வெளியே வெயிலில் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மருந்து விட்ட கண்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தோம். யார் யாரைக் கூட்டிப் போனோம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 31, திங்கள்

அப்பா மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் பள்ளிக்குப் போகாமல் கூடப் போனேன். மேடம் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. லேசரின் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். விசாரணை முடியும்வரை யாரும் லேபுக்குள் போகக் கூடாது என்று காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார். ஒட்டியது அப்பாதான்.

"பத்து நிமிஷத்துல முடிச்சிடுவார்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன் முத்து. எப்படி முடிக்கிறீங்கன்னு ஒருநாள்கூட கேட்கல" என்று அப்பாவிடம் சொன்னார். இதையும் அறிக்கையில் எழுதுவாராம்.

செப்டம்பர் நேர்முகத் தேர்வு பற்றி அப்பா கேட்கவில்லை. மேடமே சொன்னார். லேசர் வேலைக்கு இனி முடியாது. வேறு வேலை தருவார்களா என்பதைக் குழுதான் சொல்லவேண்டும். குவார்ட்டர்ஸ் செப்டம்பர் கடைசி வரை.

அம்மாவுக்குச் சொன்னபோதுதான் வீடு அதிர்ந்தது. "பதினேழு வருசம் ஒரே தட்டுல சோறு போட்டிருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீரா? புதுச் சேல கட்டிட்டு வந்து நின்னா பேசாம இருப்பாரு. சவம், ரசன இல்லாத மனுசன்னுல்லா நெனச்சேன்!" என்று கத்தினாள். பிறகு கொடியில் கிடந்த சேலையை இழுத்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இது என்ன கலரு, சொல்லும்!" என்றாள்.

அப்பா தலையைச் சாய்த்தார். "மயில் கழுத்துக் கலரு."

அம்மா சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஜுலைகா அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டாள். பேருந்து நிலையத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வரும்படி மேடம் போனில் சொல்லியிருந்தார். மேடமும் வந்திருந்தார். அக்கா பையை இறக்குவதற்குள் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தலையை ஏன் சாய்த்தார் என்பதையும் சொன்னார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் ரெண்டு வாரமா அப்படித்தாண்ணே பாத்தேன். தினமும். நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

அப்பா அலமாரியைத் திறந்தார். அட்டையையும் பென்சிலையும் நீட்டினார்.

அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். நடுப் புள்ளியையே பார்த்தாள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கத்தான் போகிறார்கள், இருந்தாலும் அந்தப் பென்சில் எங்கே இறங்குமோ என்று நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா நகரவில்லை.

அக்கா கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். மறுபடியும் அவ்வளவு நேரம் பார்த்தாள். பென்சில் அட்டையைத் தொடவே இல்லை.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றாள். "எல்லாக் கட்டமும் இருக்கு. எல்லாக் கோடும் நேராத்தான் இருக்கு."

அப்பா அந்த அட்டையைக் கையில் வாங்கினார். முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். அப்புறம், எல்லாருக்கும் முன்னால், அதை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு முழுசாத் தெரியல. எங்கயாவது வட்டம் போட்டிருக்காளா, நீ பாத்துச் சொல்லு கோமு."

நான் அட்டையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை, வரிசை வரிசையாக, என் புள்ளி மறைத்த இடங்களை அட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

"ஒரு பென்சில் கோடுகூட இல்லப்பா" என்றேன்.